கைபேசிக்கு மூக்கு உண்டா?

(இரண்டாம் ஆண்டு, மின்னணு மற்றும் தகவல் தொடர்புப் பிரிவு)



மனிதன் சோறு இல்லாமல் சில வாரம் தாங்குவான். தண்ணீர் இல்லாமல் சில நாள் தாங்குவான். காற்று இல்லாமல் சில நிமிடம் கூட தாங்க மாட்டான். அரிசியைக் கல் பொறுக்கிச் சமைக்கிறோம், தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கிறோம். ஆனால் ஒரு நாளைக்குச் சுமார் இருபதாயிரம் தடவை உள்ளே இழுக்கிற காற்றை மட்டும் பொறுக்கவும் முடியாது, காய்ச்சவும் முடியாது. வருவதை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்!

சிதம்பரத்தில் இருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வரும் நண்பர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டியதில்லை. புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் தாண்டி செம்மங்குப்பம், ஈச்சங்காடு, குடிகாடு என்று சிப்காட் பக்கம் வந்ததும் சில நாள் பஸ்ஸில் பாதிப் பேர் கர்ச்சீப்பை எடுப்பார்கள், மீதிப் பேர் முந்தானையை எடுப்பார்கள். கடலூர் முதுநகர் வந்ததும் எல்லாரும் மறந்துவிடுவோம். அந்த ஊர்களிலேயே குடியிருப்பவர்கள் எங்கே இறங்கிப் போவார்கள்?

இப்போது எல்லார் கையிலும் போன் இருக்கிறது. "காற்று எப்படி இருக்குன்னு போன்லயே பார்க்கலாமே" என்று சொல்கிறார்கள். பார்க்கலாம்தான். ஆனால் போனில் தெரிவது என்ன, தெரியாதது என்ன என்று புரிந்துகொண்டு பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம்ம ஊர் காற்றைப் பொறுத்தவரை போனைப் படிக்கிற கருவியாக மட்டும் வைத்துக்கொண்டால் போதாது, எழுதுகிற கருவியாகவும் ஆக்க வேண்டும். எப்படி என்று பார்ப்போம்.

காற்றில் கலப்பது என்ன?

காற்றைக் கெடுப்பவற்றை எளிதாக இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஒன்று தூசி, இன்னொன்று வாயு.

தூசியில் மோசமானது கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசி. இதற்கு பி.எம். 2.5 என்று பெயர். அதாவது 2.5 மைக்ரான் அல்லது அதற்கும் குறைவான விட்டம் உள்ள துகள். நம் தலைமுடியின் கனத்தில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு! பெரிய தூசி மூக்கு முடியிலும் சளியிலும் ஒட்டிக்கொள்ளும். இந்தப் பொடித் தூசி தொண்டையைத் தாண்டி நுரையீரலின் கடைசி அறைகள் வரை போய்விடும். நுரையீரலில் இப்படிச் சிறு காற்றறைகள் சுமார் முப்பது கோடி உள்ளன. வண்டிப் புகை, விறகுப் புகை, குப்பை எரிப்பது, அனல் மின் நிலையம், தீபாவளிப் பட்டாசு, போகிப் புகை எல்லாமே இந்தத் தூசியைத் தரும்.

வாயுவில் கந்தக டை ஆக்சைடு, நைட்ரஜன் டை ஆக்சைடு, அம்மோனியா போன்றவை நமக்குத் தெரிந்தவை. இவை போக, ரசாயன ஆலைகள் இருக்கும் இடத்தில் கரைப்பான்கள், அழுகிய முட்டை வாடை தரும் ஹைட்ரஜன் சல்பைடு, மெர்காப்டன் வகைகள், பென்சீன் என்று ஒரு பெரிய குடும்பமே உண்டு. கடலூர் சிப்காட்டில் மருந்து, பூச்சிக்கொல்லி, சாயம், ரசாயன ஆலைகள் உள்ளன. எனவே இந்தக் குடும்பம்தான் நமக்கு முக்கியம்.

போனில் வரும் எண் எங்கிருந்து வருகிறது?

எங்கம்மா ஒரு நாள் கேட்டாங்க, "ஏம்ப்பா, போனுக்கு மூக்கு இருக்கா?" என்று. நல்ல கேள்வி! பதில்: இல்லை. சாதாரண கைபேசிக்குள் தூசி அளக்கும் உணர்கருவியும் கிடையாது, வாயு அளக்கும் உணர்கருவியும் கிடையாது. எங்கோ ஒரு கண்காணிப்பு நிலையத்தில் உள்ள இயந்திரம் அளக்கிறது. அந்த எண் இணையம் வழியாக நம் போனுக்கு வருகிறது, அவ்வளவுதான்.

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 'சமீர்' என்ற செயலி இந்த வேலையைச் செய்கிறது. அதில் வருவது காற்றுத் தரக் குறியீடு, அதாவது ஏ.க்யூ.ஐ. இந்தியாவில் இது 2015 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. 0 முதல் 50 வரை நல்லது, 51 முதல் 100 வரை திருப்தி, 101 முதல் 200 வரை மிதமானது, 201 முதல் 300 வரை மோசம், 301 முதல் 400 வரை மிக மோசம், 401 முதல் 500 வரை கடுமை. எண் ஏற ஏற ஆபத்து ஏறும்.

இந்தக் குறியீட்டில் எட்டுப் பொருட்கள் சேரும். பி.எம். 10, பி.எம். 2.5, நைட்ரஜன் டை ஆக்சைடு, கந்தக டை ஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம். பட்டியலை இன்னொரு முறை படியுங்கள் நண்பர்களே! ஹைட்ரஜன் சல்பைடு இருக்கிறதா? மெர்காப்டன் இருக்கிறதா? பென்சீன் இருக்கிறதா? இல்லை. பென்சீனுக்கு இந்தியாவில் வரம்பு இல்லாமல் இல்லை. 2009 நவம்பரில் வெளியான தேசியக் காற்றுத் தர விதிகளில் ஆண்டுச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம் என்று வைத்திருக்கிறார்கள். ஆனால் அது ஏ.க்யூ.ஐ. எண்ணுக்குள் வராது. ஆகவே ஊரே மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கும்போது போன் பச்சை நிறத்தில் 'நல்லது' என்று காட்டலாம். போன் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்ட கேள்வி வேறு, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு

இன்னொரு விஷயமும் உண்டு. குறியீட்டில் பெரும்பாலான பொருட்களுக்கு 24 மணி நேரச் சராசரியைத்தான் எடுக்கிறார்கள். நாம் டிப்ளமோ படிப்பவர்கள், கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு நாளில் 23 மணி நேரம் பி.எம். 2.5 அளவு 30 மைக்ரோகிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே ஒரு மணி நேரம் மட்டும் 400 ஆக ஏறுகிறது. 23 × 30 = 690. அதோடு 400 சேர்த்தால் 1090. 24 ஆல் வகுத்தால் சுமார் 45. அளவு 31 முதல் 60 வரை இருந்தால் 'திருப்தி'! அந்த ஒரு மணி நேரத்தில் இளைப்பு வந்து மூச்சுத் திணறியவருக்கு இந்தத் திருப்தியால் என்ன பயன்?

தூரமும் கணக்கில் வரும். நிலையம் ஒரு பக்கம், நம் வீடு இன்னொரு பக்கம், காற்று வேறு பக்கம் என்றால் அந்த எண் நம் தெருவின் எண் அல்ல. செயலியைத் திறந்தால் எண்ணுக்கு முன்னால் நிலையத்தின் பெயரைப் பாருங்கள். எந்த இடம், எத்தனை கிலோமீட்டர் என்று பாருங்கள்.

கடைகளில் விற்கும் சின்ன தூசி மீட்டர் பற்றியும் சொல்ல வேண்டும். உள்ளே ஒரு குட்டி மின்விசிறி காற்றை இழுக்கும். லேசர் ஒளி தூசியில் பட்டுச் சிதறும். அதை ஒளி உணர்கருவி எண்ணும். நம்ம பிரிவு மாணவர்களே மைக்ரோகண்ட்ரோலரோடு இணைத்துச் செய்துவிடலாம். ஆனால் ஈரப்பதம் அதிகமானால் துகள் தண்ணீரை உறிஞ்சிப் பெருத்துவிடும், மீட்டர் கூடுதலாகக் காட்டும். கடலோர ஊருக்கும் மார்கழிப் பனிக்கும் இது முக்கியம். அதோடு தூசி மீட்டர் தூசியை மட்டும்தான் அளக்கும், வாயுவை அளக்காது.

அதற்காக சமீர் செயலி வேண்டாம் என்று சொல்லவில்லை. போகி, தீபாவளி, குப்பைப் புகை, சாலைத் தூசி இவற்றுக்கு அது நல்ல வழிகாட்டி. எண் 200-ஐத் தாண்டினால் இளைப்பு உள்ளவர்கள், குழந்தைகள், முதியவர்கள் வெளியே ஓடியாடும் வேலையைக் குறைக்க வேண்டும். என் 95 முகக்கவசம் தூசிக்கு உதவும். வாயுவுக்கு உதவாது, இதை மறக்கக் கூடாது.

வாளி பிடித்த கிராமத்தார்

இயந்திரம் அளக்காத காற்றை அளக்க முடியாதா? முடியும் என்று நம் கடலூர் சிப்காட் கிராம மக்கள் 2004-லேயே காட்டியிருக்கிறார்கள். நம்மில் பலருக்கு இது தெரியாது.

1990களின் நடுவில் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளுக்குப் பக்கத்தில் வாழ்ந்த மக்களுக்காக ஒரு எளிய கருவி உருவானது. ஒரு மூடி போட்ட பிளாஸ்டிக் வாளி. அதற்குள் ரசாயனம் ஒட்டாத ஒரு தனிவகைப் பை. வாளிக்குள் உள்ள காற்றைச் சின்ன பம்ப் மூலம் வெளியே எடுத்தால், உள்ளே அழுத்தம் குறையும், பை தானாக விரிந்து வெளிக்காற்றை இழுத்துக்கொள்ளும். நம் நுரையீரல் வேலை செய்யும் அதே தத்துவம்! பிறகு பையை மூடி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இந்த வாளியைக் கையில் எடுத்தவர்கள் 'சிப்காட் பகுதி சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள்' என்ற கிராம மக்கள் குழு. விஞ்ஞானிகள் அல்ல, ஊர்க்காரர்கள். வாடை வரும் நேரத்தைக் குறித்தார்கள், எது போன்ற வாடை என்று எழுதினார்கள், காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். 2004 செப்டம்பரில் வந்த அறிக்கையில் 22 நச்சு ரசாயனங்கள் இருந்தன. அவற்றில் எட்டு புற்றுநோய் தரக்கூடியவை. அபாயகரக் கழிவுகளைக் கண்காணிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த குழுவும் அதே ஆண்டு கடலூர் வந்து பார்த்தது.

2009-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாடு முழுவதும் 88 தொழிற்பகுதிகளை மதிப்பிட்டது. 70 மதிப்பெண்ணுக்கு மேல் போனால் 'மிகவும் மாசடைந்த பகுதி'. கடலூர் எடுத்தது 77.45. பரீட்சையில் வாங்கினால் முதல் வகுப்பு, இதில் வாங்கினால் வெட்கம்! 2010 ஜனவரியில், அப்படி மேலே போன 43 பகுதிகளில் புதிய ஆலைகளுக்கான அனுமதி தற்காலிகமாக நிறுத்தி வைக்கப்பட்டது.

கவனியுங்கள் நண்பர்களே! "நாத்தம் தாங்க முடியல" என்பது புகார். "இந்தத் தேதி, இந்த மணி, இந்த இடம், இந்தத் திசைக் காற்று" என்பது ஆதாரம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு நோட்டும் பேனாவும்தான். அன்று நோட்டும் பேனாவும். இன்று அந்த இரண்டும், கடிகாரமும், கேமராவும், இடம் காட்டும் ஜி.பி.எஸ்.ஸும் ஒரே போனுக்குள் இருக்கின்றன.

இதையே அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 2016-இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் ஒரு செயலியாகச் செய்தார்கள். வாடை வந்தால் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, என்ன வாடை என்று எழுதி அனுப்பலாம். அது வரைபடத்தில் ஏறும், சுகாதாரத் துறைக்கும் போகும். நம் கிராம மக்கள் 12 ஆண்டுகளுக்கு முன்பே காகிதத்தில் செய்த வேலை!

மூக்கின் பலமும் பலவீனமும்

மூக்கு லேசுப்பட்ட கருவி அல்ல. ஹைட்ரஜன் சல்பைடு காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தாலே கண்டுபிடித்துவிடும். ஆனால் அதே வாயு பத்து லட்சத்தில் நூறு பங்கு அளவுக்கு ஏறினால் சில நிமிடத்தில் மூக்கு மரத்துப் போகும். வாடை நின்றுவிட்டது என்று நினைப்போம், உண்மையில் ஆபத்து கூடியிருக்கும்! கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. தினமும் ஒரே வாடையில் இருப்பவருக்கு அது பழகியும் போகும். ஆகவே மூக்கு மட்டும் போதாது, போன் மட்டும் போதாது. இரண்டையும் சேர்க்க வேண்டும்.

நோட்டு போடுவது எப்படி?

போனில் உள்ள சாதாரண குறிப்பேடு போதும். ஒவ்வொரு முறையும் இவற்றை எழுதுங்கள்.

1. தேதி, தொடங்கிய மணி, முடிந்த மணி.

2. இடம். ஊர் பெயர் மட்டும் போதாது. தெரு, பஸ் நிறுத்தம், அல்லது வரைபடத்தில் புள்ளி.

3. எது போன்ற வாடை? அழுகிய முட்டை, நகப்பூச்சு, பெயிண்ட், பூச்சி மருந்து என்று தெரிந்த பொருளோடு ஒப்பிடுங்கள். ஆலையின் பெயரை எழுதாதீர்கள். அது நம் ஊகம், அளவு அல்ல.

4. வேகம் 1 முதல் 5 வரை.

5. காற்று எங்கிருந்து வருகிறது? கொடித்துணி, தென்னை ஓலை, ஊதுபத்திப் புகை பார்த்தாலே தெரியும். வானிலைச் செயலியிலும் வரும். மேற்குக் காற்று என்றால் மேற்கில் இருந்து வரும் காற்று, மேற்கே போகும் காற்று அல்ல. நம் கடலோரத்தில் பெரும்பாலும் பகலில் மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கில் இருந்து வரும். இரவில் நிலக்காற்று கடலை நோக்கிப் போகும். இரவில் தரை குளிர்வதால் புகையும் வாயுவும் மேலே எழாமல் தாழவே தங்கும். ராத்திரி வாடை அதிகமாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

6. உடம்புக்கு என்ன ஆனது? கண் எரிச்சல், இருமல், தலைவலி, இளைப்பு.

7. பக்கத்தில் வேறு யாருக்குத் தெரிந்தது?

ஒருவர் எழுதினால் குறிப்பு, பத்துப் பேர் எழுதினால் வரைபடம். சர்வேயிங் பாடத்தில் இரண்டு இடத்தில் இருந்து கோடு போட்டு மூன்றாவது புள்ளியைப் பிடிப்போம் அல்லவா? அதே போல ஒரே நேரத்தில் இரண்டு ஊரில் வாடை குறித்து, காற்று வந்த திசைக்கு எதிராகக் கோடு இழுத்தால் இரண்டும் எந்தப் பக்கம் போய்ச் சந்திக்கின்றன என்று தெரியும். அது தீர்ப்பு அல்ல. ஆனால் அதிகாரி எங்கே போய் அளக்க வேண்டும் என்று சொல்லும்.

போட்டோ எடுத்தால் இடக்குறிப்பை இயக்கி வைத்து எடுங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் போட்டோவில் உள்ள இட விவரம் போய்விடும். மூலப் படத்தை அழிக்காமல் வையுங்கள், அனுப்பும்போது 'டாக்குமெண்ட்' ஆக அனுப்புங்கள். இந்தக் குறிப்புகளை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும், திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் நாள் கூட்டத்துக்கும் எழுத்தில் கொடுக்கலாம். ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் இல்லாவிட்டால் 2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

நோட்டு டாக்டருக்கும் உதவும்

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிப் படிக்க வந்தது நான்தான் முதல். அதனால் மருந்துச் சீட்டு படிப்பது, மாத்திரை நேரம் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. அம்மாவுக்கு இளைப்பு உண்டு. "எப்போம்மா அதிகமா வருது?" என்று டாக்டர் கேட்டால், "அடிக்கடி வருதுங்க" என்பதைத் தவிர அம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. அதைக் கேட்டு எந்த டாக்டரும் ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு மாதம் நான் போனில் குறித்து வந்தேன். ராத்திரி வாடை அடித்த நாட்களில் விடியற்காலை இளைப்பு வந்தது, அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வாடையே இல்லாத சில ராத்திரியிலும் வந்தது. குறிப்பைப் புரட்டிப் பார்த்தால், அந்த நாட்களில் கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் கொளுத்தியிருந்தோம்! சுருளை நிறுத்திவிட்டுக் கொசுவலை கட்டினோம். டாக்டர் அந்தக் குறிப்பைப் பார்த்து, உறிஞ்சும் மருந்தை எந்த நேரம் எடுக்க வேண்டும் என்று மாற்றிக் கொடுத்தார். ஆலைப் புகை நம் கையில் இல்லை, சுருள் நம் கையில் இருக்கிறது. எது எது என்று பிரித்துக் காட்டியது நோட்டு.

இளைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டு 'பீக் ப்ளோ மீட்டர்' என்ற சின்ன பிளாஸ்டிக் குழாய் வாங்கலாம். வேகமாக ஊதினால் எண் காட்டும். உடம்பு நன்றாக இருக்கும்போது ஊதிய அதிகபட்ச எண்தான் நமக்கு நூறு. அதில் 80 சதவீதத்துக்கு மேல் என்றால் பச்சை. 50 முதல் 80 வரை மஞ்சள், கவனம் தேவை. 50-க்குக் கீழே சிவப்பு, உடனே மருந்து எடுத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். இந்த எண்ணையும் காற்றுக் குறிப்போடு பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். நுரையீரலுக்கு அதுவே சொந்த ஏ.க்யூ.ஐ.!

கேஸ் கசிந்தால்...

2021 மே 13 அன்று கடலூர் சிப்காட்டில் பூச்சிக்கொல்லி ஆலை ஒன்றில் நடந்த விபத்தில் நான்கு பேர் இறந்தார்கள். 1984 டிசம்பர் 2 நள்ளிரவு போபாலில் கசிந்த மீதைல் ஐசோசயனேட் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று அந்த மக்களுக்கு யாரும் சொல்லி வைத்திருக்கவில்லை. நாமாவது தெரிந்து வைப்போம்.

காற்று போகும் திசையிலேயே ஓடக் கூடாது, வாயு கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காகப் பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும். குளோரின், ஹைட்ரஜன் சல்பைடு போன்றவை காற்றைவிடக் கனமானவை, பள்ளத்தில் தேங்கும். ஆகவே மேட்டுக்குப் போகணும். வெளியே போக வழி இல்லையென்றால் கதவு ஜன்னலைச் சாத்தி, இடுக்கில் ஈரத்துணி அடைத்து, மின்விசிறியையும் அடுப்பையும் நிறுத்தி உள்ளே இருக்கணும். 108-க்கு போன் செய்யுங்கள். வீடியோ எடுப்பது எல்லாம் பத்திரமான இடத்துக்கு வந்த பிறகு!

நமக்கு இதில் என்ன?

கடைசியாக ஒன்று. எங்கப்பா ஒப்பந்தத் தொழிலாளி. ஆலை மூடினால் அவருக்கு அன்றைய கூலி இல்லை. ஆலை புகைவிட்டால் அம்மாவுக்கு அன்றைய தூக்கம் இல்லை. நம்மில் பல பேர் வீட்டு நிலைமை இதுதான். 'வேலை வேணுமா, மூச்சு வேணுமா' என்று கேட்டால் அந்தக் கேள்வியே தப்பு. இரண்டும் வேண்டும். வால்வைச் சரியாகப் பராமரிக்கிற, புகையைக் கழுவி விடுகிற, அளவைச் சரியாக எழுதுகிற ஆலையில் இரண்டும் கிடைக்கும்.

டிப்ளமோ முடித்ததும் நம்மில் எத்தனையோ பேர் இதே ஆலைகளுக்கு டிரெய்னியாகப் போவோம். கண்ட்ரோல் ரூமில் மீட்டரைப் பார்த்து லாக் புத்தகத்தில் எண் எழுதப் போவது நாம்தான். இன்று ஊரில் நின்றுகொண்டு வாடை வந்த நேரத்தை நிமிடம் தப்பாமல் எழுதப் பழகியவன், நாளை உள்ளே நின்றுகொண்டு மீட்டரில் 90 காட்டும்போது 60 என்று எழுத மாட்டான்.

இந்த ஆண்டே நம் மாணவர் பேரவை சார்பில் ஒரு குழு தொடங்கலாம். சிதம்பரம் முதல் கடலூர் வரை எல்லா ஊரில் இருந்தும் நம் கல்லூரிக்கு மாணவர்கள் வருகிறோம். இதைவிட நல்ல கண்காணிப்பு வலை வேறு எங்கே கிடைக்கும்? ஊருக்கு இரண்டு பேர், ஒரே மாதிரி ஏழு கேள்வி, வாரம் ஒரு நாள் நோட்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது. செலவு ஒன்றும் இல்லை. பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் எங்கள் வகுப்புக்கு வாருங்கள்.

கைபேசிக்கு மூக்கு இல்லைதான். ஆனால் நமக்கு இருக்கிறது. நம் மூக்குக்கு ஞாபகம் இல்லை, கைபேசிக்கு இருக்கிறது. இரண்டையும் சேர்ப்போம், வாருங்கள்!